மணிக்கட்டில் பூட்டிய எவர்சில்வர்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இராஜமாணிக்கம் அண்ணனைக் கைக்கடியாரம் இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு. ஆற்றில் குளிக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார். மழைக்காலத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து முள்ளே தெரியாது. அப்போதும் அது கையில்தான் இருக்கும். அடியில் மணிக்கட்டைச் சுற்றி ஒரு மஞ்சள் துணி. யாராவது மணி கேட்டால் மட்டும் கடியாரத்தைப் பார்க்காமல் வெயிலைப் பார்த்துச் சொல்வார்.

காலையில் பேர் கொடுக்க நிற்கும் பெரட்டுக் களத்தில் இதை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி மாயாண்டியும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டுகிறவர்தான். அவருக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"என்னா மாணிக்கம், பொண்டாட்டியைக்கூட ஒரு நாளு அம்மா வீட்டுக்கு அனுப்புறே. இந்தக் கடியாரத்தை எங்கயும் அனுப்ப மாட்டேங்கிறியே லா."

அண்ணன் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. அவரே பின்னால் என்னிடம் சொன்னதையும், நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் ரெம்பா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அண்ணனுக்குப் பால் ஃபேக்டரியில் ஆசிட் கலக்கும் வேலை. மரத்திலிருந்து வந்த பாலைத் தொட்டியில் ஊற்றித் தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டுத் துழாவ வேண்டும். தயிர் மாதிரி உறைந்து வரும். ஆசிட் கூடினால் ரப்பர் முறுகிப் போகும், குறைந்தால் மறுநாளும் கொழகொழவென்று கிடக்கும். அந்தப் பக்குவம் அவர் கைக்குத் தெரியும். ஆனால் முழங்கை வரைக்கும் நனையாமல் அந்த வேலை ஆகாது. ஃபேக்டரியில் கொடுத்த ரப்பர் கையுறை ஒரு மாதத்தில் விரல் நுனியில் பிய்ந்துவிடும். அடுத்தது வரும் வரை வெறுங்கைதான்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஆவணியில் அவருக்குக் கல்யாணம். பெண் கெமாஸ் ஊர்க்காரி, பேர் நீலாவதி. நீலாவதியின் அண்ணன் ஆறுமுகம் ரயில் பாதை வேலையில் இருந்தார். இராஜமாணிக்கம் அண்ணனுக்கு லெட்சுமி என்று ஒரு தங்கச்சி. இந்த வீட்டுப் பெண்ணை அந்த வீட்டுக்கும் அந்த வீட்டுப் பெண்ணை இந்த வீட்டுக்கும் கொடுத்து, ஒரே பந்தலில் இரண்டு தாலி கட்டினார்கள். செலவு பாதி, உறவு இரட்டிப்பு என்று பெரியவர்கள் மெச்சிக்கொண்டார்கள். சண்டை வந்தால் அதுவும் இரட்டிப்பாக வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணனின் அம்மா ராக்கம்மா, புருஷன் போன பிறகு மரம் வெட்டியே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஏமாந்துவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு நெஞ்சு முழுக்க இருந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த ஒரு வட்டக் காந்தம் எப்போதும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரம் விற்க வருகிறவன் அந்தக் காந்தத்தைப் பார்த்தாலே பாதிச் சாமானை மூடி வைத்துவிடுவான். காந்தம் ஒட்டினால் இரும்பு கலந்தது, ஒட்டாவிட்டால் அசல். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இதுதான் சட்டம்.

கல்யாணத்தன்று முறைப்படி மச்சான் ஆறுமுகம் மாப்பிள்ளையின் காலைக் கழுவிவிட்டு, கைக்கடியாரத்தை எடுத்தார். வட்ட முகம், தடித்த எவர்சில்வர் உடம்பு, எவர்சில்வர் பட்டை. உள்ளே பேர்பெற்ற சீமைக் கம்பெனியின் பேர். சிங்கப்பூர் ரயிலில் வந்த சரக்கு என்று கெமாஸ் ஸ்டேஷனில் ஒருவன் விற்றதாம்.

"இருங்க மாப்பிள்ளை" என்றார் ராக்கம்மா. இடுப்பிலிருந்து காந்தம் வந்தது.

பந்தலே சிரித்தது. "அக்கா, மாப்பிள்ளைக்கும் ஒரு தடவை வச்சுப் பாருங்க. அவரு அசலா இல்லையான்னு தெரிஞ்சிடும்" என்று மாயாண்டி பூசாரி மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

ஆறுமுகத்துக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கோபப்படவில்லை. "அத்தை, நானும் வாங்குறப்பவே காந்தம் வச்சுத்தான் வாங்குனேன். உங்களைத் தெரியாதா எனக்கு. வச்சுப் பாருங்க" என்று நீட்டினார்.

காந்தம் ஒட்டவில்லை. முன்னாலும் பின்னாலும் பட்டையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, "அசல்" என்றார் ராக்கம்மா. அந்த ஒரு வார்த்தையை அன்றைக்குப் பந்தலில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, சீராக வந்த பாத்திரங்களை ராக்கம்மா பரண் மேலிருந்து இறக்கினார். ஒரு தூக்குச் சட்டியின் மூடி காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. சட்டி ஒட்டவில்லை, மூடி மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது.

"போய் உங்க அம்மாகிட்ட குடுத்து மாத்திக்கிட்டு வா" என்று நீலாவதியை அந்த மூடியோடு கெமாசுக்கு அனுப்பிவிட்டார். அண்ணன் ஃபேக்டரியிலிருந்து வந்து பார்த்தபோது பெண்டாட்டி வீட்டில் இல்லை.

கெமாசில் ஆறுமுகத்தின் அம்மா பஞ்சாலை மட்டும் லேசுப்பட்டவரா? "எம் பொண்ணு மூடியோட வந்தா, அவ பொண்ணு மூட்டையோட போவட்டும்" என்று லெட்சுமியைக் கிளப்பிவிட்டார். லெட்சுமி அப்போது முழுகாமல் இருந்தாள். ரயிலை விட்டு இறங்கி, தோட்டத்துச் செம்மண் பாதையில் மழையில் மூட்டையோடு நடந்து வந்தாள். அந்த வாரமே கரு கலைந்துவிட்டது.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி இரண்டு பெண்களையும் அவரவர் புருஷன் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு ராக்கம்மா காந்தத்தைத் தொடவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். தொட்டார். கோபம் வந்தால் நீலாவதியைப் பார்த்து, "ஒரு மூடிக்கே அனுப்புனவ நான், ஞாபகம் வச்சுக்க" என்றும் சொல்லுவார். சொல்லிவிட்டு அவரே உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார்.

அண்ணனுக்கு அந்த நாளிலிருந்து ஒரே ஒரு பயம். இந்த வீட்டில் ஒரு சண்டை வந்தால் அது கெமாசில் தங்கச்சியின் தலையில் போய் விழும்.

கடியாரம் அரிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். முதலில் வேர்வைக் குரு என்று நினைத்தார். வேப்பிலை அரைத்துப் பூசினார். பிறகு ஒரு நாள் தொட்டியடியில் கழற்றித் துடைத்தபோது, பட்டை வந்து சேருகிற மூலையில் பழுப்பாக இரண்டு புள்ளி. நகத்தால் சுரண்டினார். அழுக்கு இல்லை, குழி. பின்பக்க மூடியைச் சுற்றிலும் எறும்பு அரித்த மாதிரி வட்டமாகக் குழி விழுந்திருந்தது. முன்பக்கம் மட்டும் கல்யாணத்தன்று போலவே பளபளவென்று இருந்தது.

எவர்சில்வர் துருப்பிடிக்குமா? யாரிடம் கேட்பது? தோட்டத்தில் கேட்டால் அரை நாளில் அம்மா காதுக்குப் போய்விடும். சிரம்பானுக்குக் கோயில் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி, சிரம்பானை ஒட்டிய ராசாவில் ஒரு சீனர் வைத்திருந்த கடியாரக் கடைக்குப் போனார். அந்தத் தவுக்கே, கடை முதலாளி, ஒரு தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்.

தவுக்கே கடியாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தார். "நீ எங்க வேலை செய்யிறே?"

"பால் ஃபேக்டரியில. ஆசிட் கலக்குறேன்."

"ஐயோ, சரியான ஆளுக்குச் சரியான சாமான்." பின்மூடியைத் திறந்து கண்ணில் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இந்தப் பேரு பொய். அது தெரியுமா?"

"தெரியாது தவுக்கே. ஆனா எவர்சில்வர் அசல்தானே. காந்தம் ஒட்டலையே."

"காந்தம், காந்தம். உங்க ஆளுங்க எல்லாம் இதையே சொல்றீங்க லா. ஒட்டுனா மட்டம்னு சொல்லலாம். ஒட்டலைன்னா நல்லதுன்னு யாரு சொன்னா?"

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். எவர்சில்வரிலும் சாதி உண்டு. உசத்திச் சாதிக்கு திரீ ஒன் சிக்ஸ் என்று நம்பர். கப்பலுக்குப் போகிற சாமான் அது, நல்ல சீமைக் கடியாரமெல்லாம் அதில்தான் செய்வார்கள். உப்புத் தண்ணீர் அதை அவ்வளவு சுலபத்தில் தின்னாது. அதற்கு அடுத்தது திரீ ஓ ஃபோர், வீட்டில் புழங்குகிற குடம், தட்டு. அதற்கும் கீழே டூ ஓ ஒன். நிக்கல் விலை கூடுதல் என்று அதைக் குறைத்துவிட்டு மாங்கனீசைச் சேர்த்து உருக்குவது. தேய்த்து மெருகு ஏற்றினால் மூன்றும் ஒரே மாதிரி மின்னும். காந்தம் மூன்றிலும் ஒட்டாது.

"சாமான்ல நம்பர் எழுதி வைக்கல. ஆனா குழி விழுந்திருக்கிற இந்த அழகைப் பார்த்தா கடைசிச் சாதிதான். வேர்வை பட்டாலே இது பல்லைக் காட்டும். நீ ஆசிட்ல குளிப்பாட்டுறே."

"மெருகு போட்டுக் குடுக்க முடியுமா?"

"போடலாம். குழி ஆழமாப் போச்சு, மறுபடியும் வரும். கையில போடாதே. பெட்டியில வை. புண்ணு ஆறிடும்."

"இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா தவுக்கே?"

"இதே மாதிரின்னா அதுவும் டூ ஓ ஒன்தான். அசலு வேணும்னா உன் தோட்டத்துத் துரையைப் போய்க் கேளு, அவன் கையில இருக்கும்" என்று சிரித்துவிட்டு, அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கூலி வாங்கவில்லை.

பெட்டியில் வை என்று அவர் சொன்னது சுலபம். வீட்டில் வைத்தால் ராக்கம்மா எடுப்பார். எவர்சில்வர் எதுவானாலும் வெள்ளிக்கிழமை சாம்பல் போட்டுத் தேய்ப்பது அவர் வழக்கம். ஒரு தரம் திருப்பிப் பார்த்தால் போதும். ஃபேக்டரியில் கழற்றி வைத்தால் யாராவது எடுத்துப் பார்ப்பான். தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் மச்சான் போட்ட கடியாரத்தைத் தொலைத்தவன் என்று பஞ்சாலை ஒரு பேச்சு பேசினால், அதுவும் லெட்சுமி மேல்தான் விழும். எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தார். கடியாரத்தின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாத இடம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய மணிக்கட்டு.

பஸ்ஸிலேயே அதைத் திரும்பப் பூட்டிக்கொண்டார். அன்றைக்குப் பூட்டியதுதான்.

புண் ஆறாது, காயும், மறுபடி வெடிக்கும். மஞ்சள் துணி சுற்றிக்கொண்டார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அறிந்தால் தன் அண்ணன் ஆறுமுகத்திடம் அழுவாள், ஆறுமுகத்துக்கு அவமானம், அவமானம் கோபமாகும், அந்தக் கோபத்துக்குப் பக்கத்தில் இருப்பது லெட்சுமி. நீலாவதியோ குழாயடியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். "எங்க அண்ணன் போட்டதுன்னு அவருக்கு அம்புட்டு ஆசை. தூங்குறப்பகூடக் கழட்ட மாட்டாரு." அதைக் கேட்கிற ராக்கம்மாவும், "அசல் சாமான். நான் பார்த்து வாங்குனது" என்பார். இந்த இரண்டு பேச்சும் அண்ணன் காதில் விழும்போதெல்லாம் பூட்டு இன்னொரு தரம் விழுந்த மாதிரி இருக்குமாம்.

பக்கத்து ஊரில் டயர் கம்பெனி ஆள் எடுத்தபோது அவரும் போகப் பார்த்தார். ஆசிட்டை விட்டால் கையாவது தப்பிக்கும். தோட்ட வேலையை விட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. அம்மாவையும் பெண்டாட்டியையும் வைத்துக்கொண்டு எங்கே போவது? திரும்ப ஆசிட் தொட்டிக்கே வந்தார்.

லெட்சுமிக்கு அதற்குப் பிறகு வெகுநாள் குழந்தை தங்கவில்லை. ராக்கம்மா வெளியே ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஆத்தா சன்னதியில் நின்று அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் வேண்டிக்கொண்டது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது: லெட்சுமி மடியில் ஒரு பிள்ளையைக் கொடு, என் மகன் உனக்குத் தீ மிதிப்பான். எண்பத்து ஒன்பதில் லெட்சுமிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று சேதி வந்தது. ஆத்தா கேட்டதைக் கொடுத்துவிட்டாள், நாம் சொன்னதைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வருடம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. தீ மிதிக்கிறவர்கள் எல்லாம் ஈரத் துணியோடு வரிசையாக நின்றார்கள். மாயாண்டி பூசாரி மஞ்சள் கயிற்றோடு ஒவ்வொருவராக வந்து, அண்ணன் முன்னால் நின்றார்.

"கடியாரத்தைக் கழட்டு மாணிக்கம்."

"காப்பு வலது கையிலதானே பூசாரி. இது இடது கையில இருக்கு. இருந்துட்டுப் போவுது."

"உடம்புல வேற உலோகம் இருக்கக்கூடாதுப்பா. உனக்குத் தெரியாததா? காப்பு அவுக்கிற வரைக்கும் ஆத்தாதான் உனக்கு மணி, நேரம் எல்லாம். கழட்டு."

அண்ணன் சாமியைப் பார்த்தார். சாமியிடம் பொய் சொல்ல அவருக்கு வராது. மெதுவாகக் கொக்கியை விடுவித்து, கடியாரத்தையும் மஞ்சள் துணியையும் எடுத்தார். மணிக்கட்டைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு புண். பக்கத்தில் ராக்கம்மா கையை நீட்டினார். வேறு யாரிடம் கொடுப்பது? அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

வைத்த வேகத்தில் அது மல்லாந்து விழுந்தது. நான் இரண்டு ஆள் தள்ளித்தான் நின்றேன். ராக்கம்மா குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் குழிகளைத் தடவினார். பிறகு மகனுடைய கையைப் பார்த்தார். அதற்குப் பிறகு கூட்டத்தில் நீலாவதி எங்கே நிற்கிறாள் என்று பார்த்தார்.

ராக்கம்மா கடியாரத்தை முந்தானையில் முடிந்து, காந்தம் இருக்கிற இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

காப்புக் கட்டியிருந்த அந்த நாள்களில் அண்ணனின் கை ஆறியது. ஆசிட் தொட்டிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் இவரைக் கோயில் வேலைக்கு விட்டிருந்தார். காற்றுப் பட்டுப் புண் உலர்ந்து மேலே புதுத் தோல் வந்தது. அதை அவர் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொள்வதைக் கண்டேன். ஆனால் சோறு இறங்கவில்லை. அம்மா எப்போது வாயைத் திறப்பார், நீலாவதியின் பெட்டி எப்போது வெளியே வரும் என்றே காத்திருந்தார். ராக்கம்மா வாயைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் மட்டும் ஒரு கிண்ணத்தில் வேப்பெண்ணெய் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

"தடவு."

"அம்மா, அது..."

"தடவுன்னு சொன்னேன்."

அதைப் பார்த்தபோது அண்ணனுக்கு ஒரு நம்பிக்கை வந்ததாம். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, சண்டையும் வரவில்லை. இனி அந்தக் கடியாரம் அவரிடமே இருந்துவிடும். தன் கை தனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று ஆத்தாவைக் கும்பிட்டாராம்.

தீமிதி அன்று கெமாசிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். பஞ்சாலை முன்வரிசையில் நின்றார். ஆறுமுகம் குழந்தையைத் தோளில் வைத்திருந்தார், லெட்சுமி பக்கத்தில் பட்டுச்சேலையில் நின்றாள். அண்ணன் தங்கச்சி பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு தீக்குழியில் இறங்கி, ஓடாமல் நடந்து, பால் ஊற்றி வைத்த பள்ளத்தில் கால் வைத்தார். ஒரு கொப்புளம் இல்லை. பூசாரி காப்பை அறுத்தார்.

ஆறுமுகம் ஓடிவந்து கட்டிக்கொண்டு, சட்டென்று கையைப் பார்த்தார். "என்னா மச்சான், கை மொட்டையா இருக்கு? கடியாரம் எங்க?"

பஞ்சாலையின் தலை திரும்பியது. அண்ணன் அம்மாவைப் பார்த்தார். வாய் வரை வந்துவிட்டது, அது அம்மாவிடமே இருக்கட்டும் மச்சான் என்று சொல்ல.

"இங்கதான் இருக்கு மாப்பிள்ளை. சாமி காரியம்னு நான்தான் வாங்கி வச்சிருந்தேன்" என்று ராக்கம்மா முன்னால் வந்தார். முந்தானை முடிச்சிலிருந்து எடுத்தார். சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்திருக்கிறார், முகம் வெயிலில் கண்ணைப் பறித்தது. அடிப்பக்கம் உள்ளங்கைக்குள் மறைந்திருந்தது.

"எத்தனை வருசமாச்சு, புதுசு மாதிரியே இருக்கே" என்றார் பஞ்சாலை.

"காந்தம் வச்சுப் பாருங்கக்கா இன்னொரு தடவை" என்றார் மாயாண்டி பூசாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

ராக்கம்மா சிரிக்கவில்லை. "அசலை எத்தனை தடவை பார்ப்பாங்க? ஒரு தடவை பார்த்தாச்சு, அது போதும்" என்றார்.

தன் மஞ்சள் முந்தானையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். மகனின் இடது கையைப் பிடித்து, அந்தப் புதுத் தோல் மேல் துணியை இரண்டு சுற்று சுற்றினார். அதன் மேல் கடியாரத்தை வைத்துக் கொக்கியை அழுத்தினார். மேளம் நின்றிருந்தது, அந்தச் சத்தம் எனக்குக்கூடக் கேட்டது. லெட்சுமி குழந்தையை வாங்கிக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராக்கம்மா மகனின் கையை விடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"இறுக்கமா இருக்காய்யா?"

"இல்லம்மா" என்றார் அண்ணன். "சரியாத்தான் இருக்கு."

மறுநாள் காலையில் பெரட்டில் அவர் பேரை ஆசிட் தொட்டிக்குக் கூப்பிட்டார்கள்.